நிலம் தனி, தண்ணி பொது: ஒரு கண்மாய்க் கிராமத்தின் வரவு செலவு

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பு வசதிக்காகச் சில இடங்கள் சுருக்கப்பட்டிருக்கின்றன.)

இந்த நிகழ்ச்சியைக் கேட்கிறவங்கள்ல நிறைய பேர் கேட்கிற ஒரு கேள்வி இருக்கு. அஞ்சாறு நண்பர்கள் சேர்ந்து, ஊருக்கு வெளியே பத்து ஏக்கர் வாங்கி, ஒண்ணா விவசாயம் பண்ணினா என்ன? வேலையைப் பகிர்ந்துக்கலாம், வருமானத்தைப் பகிர்ந்துக்கலாம், கொஞ்ச நாள்ல அங்கேயே குடிபோயிடலாம். சென்னையில, பெங்களூருல இருக்கிற பல வாட்ஸ்அப் குழுக்கள்ல இந்தக் கனவு ஓடிட்டிருக்கு.

கனவைக் கலைக்கிறதுக்காக இன்னைக்குப் பேசலை. ஆனா சேர்ந்து விவசாயம் பண்றதுங்கிறது நாம புதுசா கண்டுபிடிக்கப் போற விஷயம் இல்ல. நான் விருதுநகர் மாவட்டத்துக்காரன். சிவகாசின்னா பட்டாசு, விருதுநகர்னா எண்ணெய், பருப்பு, பரோட்டா. இப்படித்தான் வெளியூர்க்காரங்களுக்கு எங்க பக்கம் தெரியும். அதுக்குக் கீழ ஒரு பழைய பொருளாதாரம் இருக்கு. ஊரே சேர்ந்து நடத்தின ஒரு விவசாய ஏற்பாடு. அதோட பேரு கண்மாய். அது எப்படி ஓடுச்சு, யார் காசுல ஓடுச்சு, ஏன் நின்னுச்சு? இதைத் தெரிஞ்சுக்கிட்டா, உங்க பத்து ஏக்கர் கேள்விக்கு ஓரளவு பதில் கிடைக்கும்.

கரிசலில் ஒரு பிறை நிலா

ஃபோன்ல மேப்பைத் திறந்து, சாட்டிலைட் காட்சியை வெச்சுக்கிட்டு, சாத்தூர், அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் கொஞ்சம் நகர்த்திப் பாருங்க. பிறை நிலா மாதிரி வளைஞ்ச கோடுகள் நிறைய தெரியும். ஒவ்வொண்ணும் ஒரு கண்மாய்க் கரை. வட தமிழ்நாட்டுல இதை ஏரின்னு சொல்லுவாங்க, எங்க பக்கம் கண்மாய். தமிழ்நாடு முழுக்க இப்படிச் சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் இருக்கு.

எங்க மண் பெரும்பாலும் கரிசல். மழை பெஞ்சா காலை விடாது, வெயில் அடிச்சா கை நுழையிற அளவுக்கு வெடிக்கும். வருஷத்துக்குச் சராசரியா 800 மில்லிமீட்டர் மழை. அதுல பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில கொட்டித் தீர்த்துடும். வைப்பாறு, அர்ச்சுனா நதி, கௌசிகா நதி, குண்டாறுன்னு ஆறுகளுக்குக் குறைவில்லை. ஆனா எதுவுமே வருஷம் முழுக்க ஓடுற ஆறு கிடையாது. அந்தச் சில வாரத் தண்ணியை நிறுத்தி வெச்சாத்தான் நெல். இல்லைன்னா மானாவாரிதான். கம்பு, சோளம், பருத்தி, பாசிப்பயறு.

தண்ணியை நிறுத்துறதுக்குக் கட்டினதுதான் கண்மாய். ஒரு கரை. தண்ணி வர்றதுக்கு வரத்துக்கால். வயலுக்குத் திறந்துவிட மடை. நிறைஞ்சா வழியிறதுக்குக் கலுங்கு. கலுங்கு தாண்டிப் போற தண்ணிதான் மறுகால். ஒரு கண்மாயோட மறுகால் அடுத்த கண்மாய்க்கு வரத்து. அதனால ஒரு ஊர்க்காரன் கலுங்கை உயர்த்தினா அடுத்த ஊர்க்காரன் காய்வான். பாண்டியர் காலத்துக் குமிழி மடைகள் தென் மாவட்டங்கள்ல பல கண்மாய்கள்ல இன்னும் நிற்குது. அதாவது, இது ஆயிரம் வருஷத்துக்கு மேல ஓடின ஏற்பாடு.

பொதுச் சொத்துக்கு ஒரு நோட்டு

இங்க ஒரு விஷயத்தைத் தெளிவாப் பிரிச்சுக்கணும். கண்மாய்க் கிராமத்துல நிலம் பொது கிடையாது. உன் வயல் உனக்கு, என் வயல் எனக்கு. பொதுவா இருந்தது தண்ணி. ஆனா தண்ணி பொதுன்னு சொன்ன உடனே விவசாயத்துல பாதி முடிவுகள் பொதுவாயிடும். எப்ப மடையைத் திறக்கிறது, எந்தப் பயிர் வைக்கிறது, எத்தனை ஏக்கர் நடுறது, எல்லாமே.

கண்மாய் நிறைஞ்ச வருஷம் பிரச்சினை இல்லை. பாதிதான் நிறைஞ்சிருக்குன்னு வைங்க. ஊர்க்கூட்டம் போடுவாங்க. இந்தத் தண்ணி எத்தனை ஏக்கர் நெல்லுக்குத் தாங்கும், யாருக்கு எந்த நாள் முறை, கடைமடைக்கு எப்படிப் போய்ச் சேரும்னு முடிவாகும். முறைத்தண்ணின்னு இதுக்குப் பேரு. முறையை அமல்படுத்த ஒரு ஆள் உண்டு. நீர்பாய்ச்சி. சில ஊர்ல நீர்க்கட்டி, மடைக்குடும்பன்னு சொல்லுவாங்க. மடையைத் திறக்கிறதும் மூடுறதும் அவர் கையில. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மண்வெட்டியோட வாய்க்கால்ல நிற்கிறவர் அவர்தான். வயல்காரங்க அவங்கவங்க வயலுக்குத் தானே தண்ணி திருப்பக் கூடாது. அவருக்குச் சம்பளம், அறுவடை முடிஞ்சதும் களத்துமேட்டுல இத்தனை மரக்கால் நெல்லுன்னு வயல் கணக்குக்கு அளந்து கொடுக்கிறது. மகசூல் இல்லைன்னா அவருக்கும் இல்லை.

அடுத்து வருமானம். கண்மாய்ங்கிறது தண்ணித் தொட்டி மட்டும் இல்ல, ஊருக்கு வருமானம் தர்ற ஒரு பொதுச் சொத்து. தண்ணி வத்தும்போது மீன்பாசி ஏலம். கரையில நிற்கிற பனை, கருவேல மரம் ஏலம். உள்வாயில முளைக்கிற புல்லு ஆடு மாட்டுக்கு. கோடையில அடியில தங்கின கரம்பை மண்ணை வண்டி கட்டி அள்ளிட்டுப் போய் வயல்ல போடுவாங்க. அது உரம். அதே நேரத்துல கண்மாயும் தூர் வாரினதாயிடும். ஒரே வேலையில ரெண்டு காரியம்.

செலவு? கரையைப் பலப்படுத்துறது, மடையைச் சரி பண்றது, வரத்துக்காலைச் சுத்தம் பண்றது. இதுக்கு ஆயக்கட்டுல நிலம் இருக்கிற வீட்டுக்கு இத்தனை ஆள்னு ஊர் சாட்டும். அதுதான் குடிமராமத்து. குடிகள் செய்ற மராமத்து. ஏலப் பணத்துல மிஞ்சினது கோயில் கொடைக்குப் போகும். வரவு, செலவு, உழைப்பு எல்லாமே ஒரே ஊர் நோட்டுல. எனக்கு இதுல முக்கியமாப் படுறது இதுதான்: யாரோட நல்ல மனசையும் நம்பி இந்த ஏற்பாடு ஓடலை. ஏலப் பணம் வந்தது, அதனால கரை பலமா இருந்தது. கரை பலமா இருந்தது, அதனால ஏலப் பணம் வந்தது.

அந்த "ஊர்"ல யாரெல்லாம்?

இவ்வளவு கேட்டதும், அந்தக் காலத்துல எல்லாரும் எவ்வளவு ஒத்துமையா இருந்திருக்காங்கன்னு தோணும். அங்கதான் ஜாக்கிரதையா இருக்கணும்.

ஊர்க்கூட்டம்னு சொன்னேனே, அதுல உட்கார்ந்தவங்க யாரு? ஆயக்கட்டுல நிலம் உள்ளவங்க. அதாவது, பெரும்பாலும் நிலவுடைமைச் சாதி ஆண்கள். மண்வெட்டி பிடிச்சவங்களுக்கு நிலம் இல்ல, அதனால குரலும் இல்ல. நீர்பாய்ச்சி வேலை பல ஊர்கள்ல பட்டியல் சாதிக் குடும்பங்களோட பரம்பரை வேலை. தண்ணியைப் பங்கு போடுறது அவர் கை, ஆனா தண்ணியில பங்கு அவருக்குக் கிடையாது. அவர் காவல் காத்த தண்ணியை ஊர் ஊருணியில போய் மொள்ள அவர் வீட்டுப் பெண்களுக்கு உரிமை இல்லாத ஊர்களும் இருந்துச்சு.

உழைப்பும் முழுக்க விருப்பப்பட்டு வந்தது இல்ல. 1858-ல பிரிட்டிஷ் அரசு சென்னை மாகாணத்துல ஒரு கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவந்தது. கரை உடையிற அபாயம் வந்தா ஊர்க்காரங்களைக் கட்டாயமா வேலைக்கு இழுக்கலாம். வழக்கமான குடிமராமத்து வேலைக்கு வராதவங்க, அந்த உழைப்போட மதிப்பைப் போல ரெண்டு மடங்கு கட்டணும். எல்லாரும் ஆசையா வந்திருந்தா இப்படி ஒரு சட்டத்துக்குத் தேவையே வந்திருக்காது.

அதனால "பொது"ன்னு யாராவது சொன்னா ரெண்டு கேள்வி கேளுங்க. யாருக்குப் பொது? அதுக்காக உழைச்சது யாரு?

நோட்டு எப்படிக் கிழிஞ்சது

ஊர்ப் பக்கம் போய்க் கேட்டா ஒரே பதில்தான் வரும். ஒத்துமை போயிடுச்சு, சனங்க மாறிட்டாங்க. எனக்கு அந்தப் பதில் போதலை. மனுஷங்க மாறுறதுக்கு முன்னாடி அந்த நோட்டுல இருந்த எண்கள் மாறிடுச்சு. மூணு இடத்துல.

முதல் மாற்றம் வரவுப் பக்கம். 1948-ல சென்னை மாகாணத்துல ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. ஜமீன் கையில இருந்த கண்மாய்கள் அரசுக்குப் போச்சு. ஜமீன் ஒழிஞ்சது நல்லது, அதுல சந்தேகமே இல்ல. ஆனா கண்மாயோட சேர்ந்து அதோட வருமானமும் ஊர் கையை விட்டுப் போச்சு. 40 ஹெக்டேருக்கு மேல ஆயக்கட்டு இருந்தா பொதுப்பணித் துறை, குறைஞ்சா ஊராட்சி ஒன்றியம். மீன் ஏலம் ஒரு துறை, மரம் ஒரு துறை. உள்வாயில சமூகக் காடுன்னு கருவேலம் நட்டாங்க, அதோட வருமானத்துக்குத் தனிக் கணக்கு. கரையைப் பார்த்துக்கணும்கிற எதிர்பார்ப்பு மட்டும் ஊர் மேலேயே இருந்தது. வருமானம் அரசுக்கு, பராமரிப்பு ஊருக்கு. எந்தக் கூட்டுப் பண்ணையும் இப்படி ஒரு கணக்குல பிழைக்காது.

ரெண்டாவது, வசதியானவங்க வெளியே போற வழி. கிணறு, பம்பு செட், அப்புறம் போர்வெல். 1990-ல தமிழ்நாட்டுல எல்லா விவசாயிகளுக்கும் பம்பு செட்டுக்கு மின்சாரம் இலவசம்னு ஆச்சு. தன் வயல்ல போர் போட முடிஞ்சவருக்குக் கண்மாய் மடை திறந்தா என்ன, மூடினா என்ன? அவர் ஊர்க்கூட்டத்துக்கு வர்றதை நிறுத்தினார். ஊர்ல செல்வாக்கான ஆளும் அவர்தான். அவர் வராத கூட்டத்துக்கு அதிகாரம் இல்ல. இதுல கூத்து என்னன்னா, அவர் போர்வெல்லுக்கு ஊத்துத் தண்ணி கொடுக்கிறதே அந்தக் கண்மாய்தான். கண்மாய் தூர்ந்தா போரும் வத்தும். ஆனா அது அஞ்சு வருஷம் கழிச்சுத் தெரியிற நஷ்டம். கூட்டத்துக்குப் போகாம மிச்சமாகிற நேரம் இன்னைக்கே தெரியிற லாபம்.

மூணாவது மாற்றம்தான் எங்க பகுதிக்கே உரியது. சிவகாசி.

1920-களோட தொடக்கத்துல சிவகாசியில இருந்து அய்ய நாடார், சண்முக நாடார்னு ரெண்டு பேர் தீப்பெட்டித் தொழில் கத்துக்கக் கல்கத்தா போனாங்க. திரும்பி வந்து ஆரம்பிச்ச தொழில்ல இருந்துதான் அப்புறம் பட்டாசும் அச்சுத் தொழிலும் கிளைச்சு வளர்ந்தது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் என்ன வேணும்? காய்ஞ்ச காற்று, வருஷத்துல முக்கால்வாசி நாள் வெயில், விவசாயத்துல வேலை கிடைக்காத கைகள். எங்க மண்ணோட சாபம்னு சொன்ன அத்தனையும் அந்தத் தொழிலுக்கு வரமாச்சு.

இப்ப காலண்டரைப் பாருங்க. கண்மாய் வேலை நடக்கிறது சித்திரை, வைகாசி, ஆனி. மழைக்கு முன்னாடி, வேற வேலை இல்லாத மாசங்கள். அதே மாசங்கள்ல பட்டாசுக்கு நல்ல காய்ச்சல். ஆடி, ஆவணி, புரட்டாசியில உழவும் விதைப்பும். அதே நேரம் தீபாவளி ஆர்டர் உச்சத்துல இருக்கும். வயலும் பட்டாசு ஆலையும் ஒரே கைகளை ஒரே மாசத்துல கேட்குது. காலையில ஊருக்குள்ள ஆலை வேன் வந்து நிற்கும், பெண்கள் ஏறிப் போவாங்க. சாயங்காலம் காசு, வாரம் பிறந்தா கணக்கு.

ஒரு உதாரணக் கணக்குப் போடலாம். நூறு வீடு இருக்கிற ஒரு ஊர். வீட்டுக்கு ஒரு ஆள், மூணு நாள் கண்மாய் வேலை. மொத்தம் 300 ஆள் வேலை. வேற எங்கேயும் கூலி கிடைக்காத காலத்துல அந்த 300 நாளோட விலை கிட்டத்தட்ட பூஜ்யம். ஒரு நாள் கூலி 500 ரூபாய்னு ஆயிட்டா, அதே வேலைக்கு ஒன்றரை லட்சம் ரூபாய். வேலையும் அதேதான், ஊரும் அதேதான். உழைப்புக்கு விலை வந்துடுச்சு, அவ்வளவுதான். ஒத்துமை குறைஞ்சதுன்னு பெரியவங்க சொல்றதுல பாதி இந்த ஒன்றரை லட்சம்தான். நம்ம பழைய பொது ஏற்பாடு, விலை இல்லாத உழைப்பு மேல நின்னுச்சு.

நீர்பாய்ச்சியோட மகனுக்கு அந்த வேன் என்னவா இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. களத்துமேட்டுல நெல்லுக்காகத் துண்டை விரிச்சு நிற்க வேண்டாம். யாரோட மடையையும் திறக்க வேண்டாம். கையில காசு. அவருக்கு அது விடுதலை.

ஆனா அந்த விடுதலைக்கும் ஒரு விலை இருக்கு. 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில நடந்த வெடி விபத்துல ஏறத்தாழ 40 பேர் செத்துப்போனாங்க. அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் நடந்த விபத்துகளோட பட்டியல் நீளமானது. 2018 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் பட்டாசுக்குக் கட்டுப்பாடு விதிச்சப்ப, சரவெடிக்கும் பேரியத்துக்கும் தடை வந்தது. அன்னைக்கு இந்தக் கிராமங்கள்ல பல குடும்பங்களுக்குப் பகீர்னு ஆனதுக்குக் காரணம், திரும்பிப் போக அவங்களுக்கு விவசாயம் இல்ல. கண்மாய் நிறைய சீமைக்கருவேலம். அதை வெட்டிக் கரிமூட்டம் போடுறதுதான் மிச்சம்.

நிலத்தையே பொதுவாக்கினா?

சரி, தண்ணியை மட்டும் பொதுவா வெச்சதாலதான் இந்த நிலைமையா? நிலத்தையும் சேர்த்துப் பொதுவாக்கியிருந்தா? உலகத்துல அதைச் செஞ்சு பார்த்தவங்க இருக்காங்க.

ரொம்பப் பிரபலமானது இஸ்ரேலோட கிப்புட்ஸ். முதல் கிப்புட்ஸ் தெகானியா, 1910-ல தொடங்கினது. பத்து ஆண்கள், ரெண்டு பெண்கள். நிலம், வருமானம், சாப்பாட்டுக் கூடம் எல்லாம் பொது. பல கிப்புட்ஸ்கள்ல குழந்தைகள் கூடத் தனி வீட்டுல பொதுவா வளர்ந்தாங்க. இன்னைக்கு அங்க சுமார் 270 கிப்புட்ஸ் இருக்கு. 1980-கள்ல பணவீக்கமும் கடனும் கழுத்தை நெரிச்சது. அதுக்கப்புறம் பெரும்பாலான கிப்புட்ஸ்கள் வேலைக்குத் தகுந்த சம்பளம்னு மாறிடுச்சு. தெகானியாவே 2007-ல மாறிடுச்சு. தாக்குப்பிடிச்ச கிப்புட்ஸ்கள்ல பலதுக்கும் கை கொடுத்தது விவசாயம் இல்ல, தொழிற்சாலை. நம்ம ஊர்த் தோட்டங்கள்ல சொட்டுநீர்க் குழாய்ல நெட்டாஃபிம்னு பேர் பார்த்திருப்பீங்க. அது 1965-ல ஹட்செரிம்ங்கிற கிப்புட்ஸ்ல தொடங்கின கம்பெனி. இங்கேயும் அதே ரெண்டு கேள்வியைக் கேளுங்க. யாருக்குப் பொது? அந்த மண்ணுல இருந்த பாலஸ்தீன அரபு விவசாயிகளுக்கு அந்தப் பொதுவுல இடம் கிடையாது. 1948-க்கு அப்புறம் அவங்க வெளியேற்றப்பட்ட நிலங்கள்லேயே பல கிப்புட்ஸ்கள் எழுந்துச்சு.

நம்ம நாட்டு முயற்சி கிராமதானம். 1951 ஏப்ரல் 18-ம் தேதி தெலங்கானாவுல போச்சம்பள்ளியில வினோபா பாவேக்கு ஒருத்தர் நூறு ஏக்கர் கொடுத்தார். அது பூதானம். அடுத்த படி, நிலத்தைத் தனித்தனியாத் தானம் கொடுக்காம, ஊர் நிலத்தோட உரிமையையே கிராம சபைக்குக் கொடுக்கிறது. அது கிராமதானம். வினோபா 1956, 57-ல தமிழ்நாடு முழுக்க நடந்தார். 1958-ல சென்னை மாநிலத்துல பூதான யக்ஞச் சட்டமே வந்தது. எங்க மாவட்ட எல்லையில இருக்கிற தே. கல்லுப்பட்டியில 1940-ல இருந்து காந்தி நிகேதன் ஆசிரமம் இருக்கு. காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா கடைசிக் காலத்துல வாழ்ந்தது அங்கதான். கிராமப் பொருளாதாரம் பத்தி நாடே பேசினதுல ஒரு பகுதி எங்க வாசல்லயே நடந்திருக்கு.

பின்னாடி 1960-கள்ல விதிகளை எளிமையாக்கினாங்க. உரிமை கிராம சபைக்கு, ஆனா உழுகிறது பழைய உரிமையாளரே. இருபதுல ஒரு பங்கு நிலம் நிலமில்லாதவங்களுக்கு. மகசூல்ல நாற்பதுல ஒரு பங்கு ஊர்ப் பொது நிதிக்கு. கேட்க அழகா இருக்கு. நாடு முழுக்கப் பல்லாயிரம் ஊர்கள் கையெழுத்துப் போட்டுச்சு. சட்டப்படி பதிவாகி நிலைச்சது அதுல ரொம்பச் சின்ன பங்கு. ஏன்? வினோபா ஊருக்கு வந்த அன்னைக்குக் கையெழுத்துப் போடுறது ஒரு உணர்ச்சி. நாற்பதுல ஒரு பங்கை வருஷா வருஷம் களத்துமேட்டுல அளந்து வாங்க ஒரு ஆளும், ஒரு நோட்டும், தராதவரைக் கேட்கிற துணிச்சலும் வேணும். கையெழுத்து கிடைச்ச அளவுக்கு இதெல்லாம் அமையலை.

இந்தக் கதையில எனக்கு ரொம்பப் பிடிச்ச திருப்பம் ஒண்ணு உண்டு. தமிழ்நாட்டுல பூதான, கிராமதான வேலையை முன்னால நின்னு செஞ்ச தம்பதி எஸ். ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும். 1968 டிசம்பர் 25 அன்னைக்குக் கீழ்வெண்மணியில 44 பேர் எரிச்சுக் கொல்லப்பட்ட பிறகு, அவங்க கிழக்குத் தஞ்சைக்குப் போனாங்க. 1981-ல லாஃப்டிங்கிற அமைப்பைத் தொடங்கினாங்க. நிலவுடைமையாளர்கள்கிட்ட பேசி, வங்கிக் கடன் வாங்கி, நிலத்தை விலைக்கு வாங்கி, நிலமில்லாத ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு ஆளுக்கு ஒரு ஏக்கர்னு கொடுத்தாங்க. பட்டா யார் பேருல? குடும்பத்துப் பெண் பேருல. தனிப் பட்டா! நிலம் பொதுன்னு ஊர் ஊராச் சொன்னவங்களே கடைசியில தனிப் பட்டா வாங்கிக் கொடுத்தாங்க. எதுவுமே இல்லாதவங்களைப் பார்த்து, "வாங்க, எல்லாத்தையும் பொதுவா வெச்சுக்கலாம்"னு சொன்னா அவங்க கையில ஒண்ணும் வராது. முதல்ல ஆளுக்கு ஒரு ஏக்கர். சேர்றது அதுக்கு அப்புறம்.

அறுந்து போகாத ஒரு பொதுப் பணம்

எல்லாமே உடைஞ்ச கதையா இருக்கேன்னு தோணலாம். எங்க மாவட்டத்துலயே நிலைச்ச ஒரு பொது ஏற்பாடும் இருக்கு. அது வயல்ல இல்ல, கடைத்தெருவுல. விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை நாடார் வணிகர்களோட மகமை.

ஒவ்வொரு மூட்டை கைமாறும்போதும் ஒரு சின்னத் தொகை உறவின்முறைப் பொது நிதிக்குப் போகும். அந்தப் பணத்துல பேட்டை, சந்தை, கோயில், பள்ளிக்கூடம். விருதுநகர் க்ஷத்திரிய வித்யாசாலா 19-ஆம் நூற்றாண்டோட கடைசியில அப்படி எழுந்தது. பிடி அரிசித் திட்டம்னு, வீட்டுக்கு வீடு தினமும் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை எடுத்து வெச்சு அந்தப் பள்ளியை நடத்தினாங்க. காமராஜர் படிச்சது அங்கதான்.

இது ஒரு சாதிக்குள்ள உருவான அமைப்பு, அந்த எல்லையை மறைக்க வேண்டாம். ஆனா இது ஏன் நிலைச்சதுன்னு பார்க்கணும். தொகை சின்னது, வலிக்காது. வியாபாரம் நடக்கும்போதே தானாக் கழியும், வருஷக் கடைசியில போய்க் கேட்க வேண்டாம். கணக்கு கூட்டத்துல வாசிக்கப்படும். கொடுத்த பணம் கண்ணுக்குத் தெரியிற பள்ளிக்கூடமாத் திரும்பி வரும். கிராமதானம் கேட்ட நாற்பதுல ஒரு பங்கும் மகமையும் அடிப்படையில ஒரே யோசனைதான். வசூல் பண்ற விதத்துலதான் வித்தியாசம்.

இப்ப என்ன நடக்குது

2017-ல தமிழ்நாடு அரசு குடிமராமத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. முதல் கட்டத்துல 100 கோடி ரூபாய், 1,519 பணிகள். விவசாயிகள் பங்கு பத்து சதவீதம், பணமாவோ உழைப்பாவோ கொடுக்கலாம். சில ஊர்கள்ல நல்லா நடந்தது. பல ஊர்கள்ல பேரு மட்டும் விவசாயிகள் சங்கம், வேலை ஒப்பந்தக்காரர் கையிலன்னு புகார் வந்தது. தூர் வார ஒரு தடவை பணம் வந்துச்சு. ஆனா மீன்பாசி ஏலப் பணம் ஊர்ச் சங்கத்துக்குத் திரும்பி வந்துச்சா? அது வராத வரைக்கும் அடுத்த தடவை தூர் வார அடுத்த அரசாணைக்குத்தான் காத்திருக்கணும்.

அதே 2017-18-ல கூட்டுப் பண்ணையத் திட்டமும் வந்தது. இருபது விவசாயிகள் ஒரு ஆர்வலர் குழு, அப்படி அஞ்சு குழு சேர்ந்து நூறு பேர் கொண்ட ஒரு உற்பத்தியாளர் குழு. குழுவுக்கு அஞ்சு லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி. முதல் வருஷம் ரெண்டு லட்சம் பேரை 2,000 குழுவாச் சேர்க்கத் திட்டம். இங்க நிலம் தனித்தனியாத்தான் இருக்கும். டிராக்டர், பவர் டில்லர் மாதிரி கருவிகளைச் சேர்ந்து வாங்குவாங்க, விதை, உரம் சேர்ந்து வாங்குவாங்க, விளைச்சலைச் சேர்ந்து விற்பாங்க. கவனிச்சீங்களா? நிலம் தனி, தேவையானது மட்டும் பொது. ஒரு வகையில கண்மாயோட பழைய யோசனைதான்.

ஆனா கண்மாயோட பழைய ஓட்டையும் இதுல அப்படியே இருக்கு. குழுவுல சேர நிலம் வேணும். 2000-ல வந்த பாசன மேலாண்மைச் சட்டப்படி அமையிற விவசாயிகள் சங்கத்துலயும் ஆயக்கட்டு நிலம் உள்ளவங்கதான் உறுப்பினர். நூறு நாள் வேலையில கண்மாய்க்குள்ள இறங்கி மண் அள்ளின பெண்கள்ல பெரும்பாலானவங்க பேருல நிலமே கிடையாது. இன்னைக்கு ஒரு கண்மாயோட உள்வாயை அவங்க அளவுக்குத் தெரிஞ்சவங்க யாரும் இல்ல. அந்தக் கண்மாயைப் பத்தி முடிவெடுக்கிற கூட்டத்துல அவங்களுக்கு நாற்காலி இல்ல.

உங்க பத்து ஏக்கருக்கு

இப்ப முதல்ல கேட்ட கேள்விக்கு வருவோம். சேர்ந்து நிலம் வாங்கலாமா? வாங்கலாம். ஆனா பத்திரப் பதிவுக்கு முன்னாடி நாலு கேள்விக்கு எழுத்துல பதில் வெச்சுக்கோங்க.

எது பொது, எது தனி? எல்லாத்தையும் பொதுவாக்க வேண்டாம். தண்ணி, கருவி, விற்பனை, இதுல எதைத் தனியா செய்ய முடியாதோ அதை மட்டும் பொதுவாக்குங்க.

பொதுப் பணம் எப்படி வரும்? மாசக் கடைசியில யார் யார்கிட்ட கேட்கிறதுன்னு நிற்காம, ஒவ்வொரு விற்பனையிலயும் தானாக் கழியிற மாதிரி வைங்க. வருமானம் எங்க வருதோ, பராமரிப்புச் செலவும் அதே நோட்டுல இருக்கட்டும்.

ஒருத்தர் விலகணும்னா எப்படி? திருமணம், வெளிநாட்டு வேலை, மனஸ்தாபம், எல்லாம் வரும். கண்மாயை விட்டு வசதியானவர் போர்வெல்லுக்குப் போனப்ப அவரைக் கேட்க ஒரு விதி இல்ல. உங்களுக்கு இருக்கணும்.

கடைசியா, உண்மையில உழைக்கப் போறது யாரு? நீங்க ஆறு பேரும் சனி, ஞாயிறு வருவீங்க. திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் மடை திறக்கப் போறது அந்த ஊர்ல இருக்கிற ஒரு குடும்பம். அவங்களுக்கு மாசக் கூலி மட்டும்னா, நீங்க கட்டுறது ஒரு புது ஊர்க்கூட்டம். அவங்க புது நீர்பாய்ச்சி. மகசூல்ல பங்கும் கூட்டத்துல ஒரு ஓட்டும் அவங்களுக்கு இருந்தா மட்டும் அதைக் கூட்டுப் பண்ணைன்னு சொல்லுங்க. இல்லைன்னா பண்ணைன்னு சொன்னாப் போதும், "கூட்டு" வேண்டாம்.

எங்க பக்கத்துக் கண்மாய்கள்ல இன்னும் மழைக்குத் தண்ணி வருது. கரை இருக்கு, மடை இருக்கு. இல்லாதது அந்த நோட்டு. அதைத் திரும்ப எழுதும்போது முதல் பக்கத்துல யார் பேரு இருக்கணும்? இதுதான் என் கேள்வி. காலையில வேன் ஏறிப் போற அந்தப் பெண்கள் பேரு இருக்கணும்னு நான் சொல்லுவேன். பட்டாசு ஆலைக்குப் போறதா வேண்டாமாங்கிறதை அவங்களே முடிவு பண்ற மாதிரி ஒரு விவசாயம் ஊர்ல இருக்கணும். அந்த வேலைக்கு வேற வழியே இல்லாமப் போற நிலைமைதான் மாறணும்.

அடுத்த தடவை ஊருக்குப் போனா உங்க ஊர்க் கண்மாயோட மீன்பாசி ஏலம் எவ்வளவுக்குப் போச்சு, அந்தப் பணம் எங்க போச்சுன்னு மட்டும் விசாரிச்சுட்டு வாங்க. பதிலை எங்களுக்கு எழுதி அனுப்புங்க, வர்ற எபிசோட்ல அதைப் பத்திப் பேசலாம்.